பாத்திமா பீவி: ஆளுநருக்கு முன்பிருந்த நீதிபதி

பாத்திமா பீவி என்றால் நம்மூரில் பலருக்கு 2001தான் நினைவுக்கு வரும். ஜெயலலிதாவை முதல்வராகப் பதவியேற்க அழைத்த ஆளுநர். அந்த நியமனம் செல்லாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, ஜூலையில், பாத்திமா பீவி பதவி விலகியிருந்தார். ஜெயலலிதாவை அழைத்த அந்த முடிவில் எனக்கும் உடன்பாடில்லை. சரி, அது இருக்கட்டும்.

அதற்கு முந்தைய கதையை யாரும் பேசுவதில்லையே! 1927இல் பத்தனம்திட்டாவில் பிறந்தவர். வேதியியல் படித்த மகளைச் சட்டம் படிக்கச் சொன்னது அப்பா மீரா சாகிப். திருவிதாங்கூரில் 1937இலேயே முன்சீப், அதாவது கீழமை நீதிமன்ற நீதிபதி, ஆகிவிட்ட அன்னா சாண்டி அப்பாவின் கண்முன் இருந்தார். ஒரு பெண் நீதிபதியைப் பார்த்த அப்பா, தன் மகளும் அப்படி வரலாம் என்று நினைத்திருக்கிறார், பாருங்கள்.

1950இல் வழக்கறிஞர். 1958இல் முன்சீப். அப்புறம் கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, 1983இல் கேரள உயர் நீதிமன்றம். அங்கே ஓய்வு பெற்ற சில மாதங்களில், 1989 அக்டோபரில் உச்ச நீதிமன்றம். நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதி வர 39 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன! அங்கே இருந்தது இரண்டரை ஆண்டுதான்.

2023 நவம்பரில் கொல்லத்தில் காலமானார். பத்ம பூஷண் அதற்கடுத்த ஆண்டுதான் வந்தது. உயிரோடு இருந்தபோதே கொடுத்திருக்கக் கூடாதா?