ஏல நோட்டீஸ் பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி

பேப்பர்ல பொடி எழுத்துல பக்கம் முழுக்க வருதே பேங்க் ஏல விளம்பரம், அத நான் விடாம படிப்பேன். கடன்காரர் பேரு, ஜாமீன் போட்டவங்க பேரு, சர்வே நம்பர், நாலு பக்க எல்லை, பாக்கித் தொகைன்னு ஒரு குடும்பத்தோட மானமே அங்க அச்சாகி இருக்கும். மனசு கெடந்து தவிக்கும். அதே விளம்பரத்த ரியல் எஸ்டேட் குரூப்ல "மார்க்கெட்ட விட கம்மி ரேட், மிஸ் பண்ணாதீங்க"ன்னு சுத்த விடுறாங்க. வாங்குறவங்கள நான் குத்தம் சொல்லல, ஆனா வீட்ட பறிகொடுக்குறவங்க எல்லாரும் ஏமாத்துக்காரங்கன்னு பேசுறாங்க பாருங்க, அதான் தாங்கல.

வட்டி ஏறுன கதைய பாருங்க. ரிசர்வ் பேங்க் மத்த பேங்குகளுக்கு கடன் குடுக்குற ரெப்போ வட்டி 2022 மே வரைக்கும் 4%, அடுத்த பிப்ரவரிக்குள்ள 6.5% ஆயிடுச்சு. 20 வருஷத்துக்கு 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்குனா 7%ல ஈஎம்ஐ சுமார் 23,260, 9.5%ல அதுவே கிட்டத்தட்ட 27,960. நெறைய பேருக்கு ஈஎம்ஐய ஏத்தாம வருஷத்த நீட்டி விட்டுட்டாங்க, அவங்களுக்கு தெரியவே இல்ல. 2025ல ரெப்போ எறங்குச்சு, சரி, ஆனா நடுவுல வேலை போனவங்களுக்கும் ஆஸ்பத்திரி செலவு வந்தவங்களுக்கும் அதுக்குள்ள டியூ நின்னு போச்சே.

டியூ நின்னு 90 நாள் தாண்டினா கணக்கு என்பிஏ, அதாவது வராக்கடன். அப்புறம் 2002ல வந்த சர்ஃபேசி சட்டம், கோர்ட்டுக்கே போகாம பேங்க்கே வீட்ட எடுத்து விக்கலாம். மொதல்ல அந்த சட்டத்தோட 13(2) பிரிவுல பாக்கிய கட்டச் சொல்லி நோட்டீஸ், 60 நாள் டைம். எங்க தெருவுல ஒரு அண்ணன், லோடு வண்டி ஓட்டுறவரு, அந்த நோட்டீஸ வாங்கி பீரோல வச்சு பூட்டிட்டாரு, அண்ணி பயந்துடுவாங்கன்னு. வீட்ட பேங்க் எடுத்துக்கிச்சுன்னு சுவத்துல பொசெஷன் நோட்டீஸ் ஒட்டுனப்போதான் வீட்டுக்கே தெரிஞ்சுது. அந்த 60 நாள்ல எழுத்துல ஆட்சேபணை குடுத்தா 15 நாளுக்குள்ள பேங்க் பதில் சொல்லியே ஆகணும், கணக்கு தப்பா இருக்கலாம், கட்டுனது வரவு வைக்காம இருக்கலாம், ஓடிஎஸ் (ஒரே தடவையா பேசி முடிக்கிற செட்டில்மென்ட்) கேக்கலாம், எதுவுமே அவரு செய்யல.

பொசெஷன் எடுத்துட்டாங்கன்னா 45 நாளுக்குள்ள டிஆர்டிக்கு, அதாவது கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு போகணும், சென்னை, மதுரை, கோவை மூணு ஊர்லயும் இருக்கு. சிவில் கோர்ட்ல ஸ்டே வாங்கித் தர்றேன்னு சொல்ற ஆள நம்பி காசு குடுக்காதீங்க, இந்த விஷயத்துல சிவில் கோர்ட் தலையிட முடியாதுன்னு சட்டத்துலயே இருக்கு.

இன்னொன்னு, இத கொஞ்சம் நிதானமா படிங்க. முன்னாடி ஏலம் நடக்குற நாள் வரைக்கும் முழு பாக்கியையும் கட்டி வீட்ட மீட்கலாம். 2016ல சட்டத்த திருத்திட்டாங்க, இப்ப ஏல அறிவிப்பு வெளியாகுறதுக்கு முன்னாடியே கட்டணும், 2023ல ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிடுச்சு. கடைசி நாள்ல மச்சான் பணம் கொண்டு வருவான்னு உக்காந்திருக்க முடியாது.

அதனால கட்டவே முடியாதுன்னு தெரிஞ்சா பேங்க்ல எழுதிக் குடுத்து, அவங்க சம்மதத்தோட நீங்களே பார்ட்டி பாத்து வித்துடுங்க. ஏலத்துல எடுக்குறவரு 25% பணத்த அன்னைக்கோ அடுத்த வேலை நாள்லயோ கட்டணும், மீதிய பொதுவா 15 நாள்ல, உள்ள ஆள் குடியிருந்தா காலி பண்ற தலைவலி வேற, இவ்வளவு ரிஸ்க் எடுக்குறவன் ரேட்ட அடிச்சுத்தான் கேப்பான். அந்த அண்ணன் வீடும் பக்கத்து வீடு போன விலைய விட ரொம்ப கம்மிக்குத்தான் போச்சு. ஏலத்துல வந்தது பத்தலைன்னா மிச்சக் கடனுக்கும் உங்க மேல வர முடியும். கடனும் செலவும் போக மிச்சம் இருந்தா அது உங்க காசு, கணக்கு ஸ்டேட்மென்ட் கேட்டு எழுத்துல மனு குடுங்க, அந்த அண்ணனுக்கு நான் இப்ப அந்த மனுவத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்.