கிராமத்தின் இன்றைய பேச்சு வேறு, வட்டாரத்தின் பழைய அசெரி வேறு

வடமேற்கு ஈரானின் கிராமங்களைப் பற்றி எழுதும்போது குழப்பத்தில் பாதி ‘அசெரி’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. இன்று தப்ரீசிலும் அர்தபீலிலும் பேசும் துருக்கிய மொழிக்கும் அதே பெயர்தான். பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘துர்க்கி’ என்றே சொல்வார்கள். அதற்கு முன் அங்கே வழங்கிய, பாரசீகத்துக்கு உறவான ஈரானிய மொழிக்கும் அதே பெயர். 1925இல் ஈரானிய வரலாற்றாளர் அகமத் கஸ்ரவி தனி நூல் எழுதியது இந்தப் பழைய மொழியைப் பற்றி. பாரசீக நூல்களில் சொல்லைப் பார்த்தால், எந்த அசெரி என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

ஊர்ப்பெயரை நம்பினால் வழுக்கும். மரந்து நகருக்கு வடக்கே கெலின் கயா என்றொரு கிராமம். துருக்கிய மொழியில் ‘மணப்பெண் பாறை’. ஆனால் மொழியியலாளர்கள் அந்த ஊரைத் தேடிப் போனது, அங்கே ஹர்சந்தி என்ற ஈரானியப் பேச்சு மிஞ்சியிருந்ததால். தப்ரீசோ நேர் எதிர்: பெயர் துருக்கியல்ல, பேச்சு துருக்கி.

ஒற்றைச் சொல்லும் ஏமாற்றும். ‘நான்’ என்பதற்குப் பாரசீகத்தில் ‘மன்’, அசெரித் துருக்கியில் ‘மென்’. தற்செயல் ஒற்றுமைதான், உறவில்லை. அதைவிட எதிர்மறையைக் கேளுங்கள். துருக்கிய மொழியில் ‘கெல்-மெ-தி’ (வரவில்லை): மறுப்பு வினைவேருக்குப் பின்னால் ஒட்டும். பாரசீகத்தில் அதே பொருளுக்கு ‘ந-யாமத்’: வேருக்கு முன்னால். ஒரே வாக்கியத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

ஈரானின் 2016 கணக்கெடுப்பில் கிராமத்தின் குடும்ப எண்ணிக்கையும் மக்கள்தொகையும் கிடைக்கும், தாய்மொழி கிடைக்காது. அந்த இடைவெளியை வட்டார வரலாற்றை வைத்து நிரப்புவதுதான் வழக்கமான பிழை. அர்தபீலின் சூஃபி ஞானி ஷேக் சஃபியுத்தீன் பெயரில் வரும் பழைய மொழி ஈரடிகள் 14ஆம் நூற்றாண்டு அர்தபீலுக்குச் சான்று. பத்து மைல் தள்ளியிருக்கும் கிராமத்தின் இன்றைய பேச்சுக்கு அல்ல. மூதாதையர் ஈரானிய மொழி பேசினார்கள் என்பதால் இன்று துர்க்கி பேசுகிறவர்களை ‘உண்மையில் துருக்கியர் அல்ல’ என்று திருத்தப் போவதும், பழைய மொழியே இருந்ததில்லை என்று மறுப்பதும் எனக்கு ஒரே ரகம்தான்.

எழுதும்போது காலத்தைப் பிரித்து இரண்டு வாக்கியங்களாக்குங்கள். ‘மக்கள் இன்று துர்க்கி பேசுகிறார்கள்’ என்று ஒன்று. ‘இவ்வட்டாரத்தில் முன்பு ஈரானிய அசெரி வழங்கியது’ என்று மற்றொன்று. முதல் வாக்கியத்துக்குக் களப்பதிவு வேண்டும், அது எடுக்கப்பட்ட ஆண்டோடு. எழுபது ஆண்டு பழைய பதிவென்றால் ‘பேசுகிறார்கள்’ கூடாது. ‘அப்போது பேசியதாகப் பதிவாகியுள்ளது’ என்றே எழுதுங்கள்.