பேன் பார்க்கும் தாய்: ஆறாவது வாரம்

மடியில் தலையைக் கவிழ்த்திருக்கும் குழந்தைக்குத் தாய் பேன் பார்க்கிறாள். படத்தில் நடப்பது அவ்வளவுதான். டச்சு ஓவியர் பீட்டர் டி ஹோக் 1658–60 வாக்கில் வரைந்தது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. 'ஒரு தாயின் கடமை' என்ற பெயரிலும் இதைச் சொல்வார்கள். மூலப்படம் 52.5 செ.மீ. உயரம், 61 செ.மீ. அகலம். அருங்காட்சியகத் தளத்தில் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கும் படத்தைப் பார்த்து, பாதி அளவில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன்.

முதல் இரண்டு வாரமும் தரைக்கே போய்விட்டது. கண்ணளவில் போட்ட ஓடுகள் எல்லாம் சரிவில் நழுவுவதுபோல இருந்தன. டி ஹோக்கின் பல ஓவியங்களில், கோடுகள் சென்று சேரும் புள்ளியில் ஊசித் துளை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஊசியில் நூலைக் கட்டி, சுண்ணாம்புத்தூள் தடவி, இழுத்துச் சுண்டினால் கோடு விழும். நானும் அப்படியே செய்தேன். குறுக்குக் கோடுகளின் இடைவெளிக்கு ஓடுகளின் மூலைவிட்டக் கோடுகள் தேவை. அவை சென்று சேரும் புள்ளிகள் கேன்வாஸுக்கு வெளியே விழுவதால், கேன்வாஸை ஒரு பலகையில் வைத்து இரண்டு பக்கமும் ஆணி அடித்தேன். அரை மணி நேரத்தில் தரை சமமாகப் படுத்துக்கொண்டது!

டி ஹோக்கின் அப்பா ரோட்டர்டாமில் கொத்தனார், அம்மா மருத்துவச்சி. நூல் அடிக்கும் வித்தையைச் சின்ன வயதிலேயே பார்த்திருப்பார் என்றுதான் என் மனம் சொல்கிறது.

அப்புறம் நிழல். கறுப்பைக் கலந்து பூசினேன், அறை புகை பிடித்ததுபோல ஆகிவிட்டது. முழுவதையும் துடைத்துவிட்டு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்புடன் கொஞ்சம் அல்ட்ராமரீன் நீலம் சேர்த்து மெல்லிய பூச்சாகத் தொடங்கினேன். இப்போது இருட்டுக்குள்ளும் பொருள்கள் தெரிகின்றன. சுவரோடு சேர்ந்த பெட்டிக் கட்டில், பக்கத்தில் தொங்கும் செம்புப் படுக்கைச் சூடேற்றி, வலது முன்பக்கம் குழந்தையை மலம் கழிக்க உட்காரவைக்கும் துளையிட்ட நாற்காலி. அந்த நாற்காலியைத் தாயின் முகத்துக்குக் கொடுத்த அதே பொறுமையோடு வரைந்திருக்கிறார். எனக்கு இந்தப் படம் இவ்வளவு பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

தாயின் கைகள் மூன்றாவது முறையில்தான் ஓரளவு வந்தன. விரல்களைத் தனித்தனியாக வரைந்தபோது மரக்கட்டைபோல இருந்தன. முடியையும் விரலையும் ஈரமாக இருக்கும்போதே ஒன்றோடொன்று கலக்கவிட்டதும் தேடுகிற கை ஆனது.

இனிப் பின்னறை வெளிச்சம் பாக்கி. மேல்பாதி திறந்த கதவு வழியாக வெயில் வருகிறது; முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் நாய் அதைத்தான் பார்க்கிறது. டைட்டானியம் வெள்ளை மட்டும் பூசினால் வெளிச்சம் நீலம் தட்டியதுபோலக் குளிர்ந்துபோகிறது. அவர் காலத்து ஈய வெள்ளையில் இந்தக் குளிர்ச்சி இல்லை. யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள் ஒரு துளி சேர்த்து மூன்று மாதிரிகளைத் தனி அட்டையில் பூசிக் காயவைத்திருக்கிறேன். நாயை அதற்கு அப்புறம்தான் தொடுவேன்.