பைக்குள் இருக்கும் 49 மில்லி

மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கியில் 18 ஆண்டுகளாக லேப் டெக்னீஷியனாகப் பணிபுரிகிறேன். கொடையாளரின் கையில் ஊசி ஏற்றும் முன் ஒவ்வொரு பையையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். 350 மில்லி ரத்தம் பிடிக்கும் அந்தப் பைக்குள் 49 மில்லி கரைசல் தண்ணீர்போல் தெளிந்து கிடக்கும். சற்றுக் கலங்கியிருந்தாலும் ஒதுக்கிவிடுவோம். ரத்தம் இறங்கத் தொடங்கியதும் பையை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கரைசலில் உள்ள சிட்ரேட் ரத்தத்தை உறையவிடாது. சர்க்கரை சிவப்பணுக்களை உயிரோடு வைத்திருக்கும். இந்தச் சேர்க்கைக்கு வழிகாட்டியவர் பெய்ட்டன் ரௌஸ் என்று படிக்கும்போதே தெரியும். புற்றுநோய் வைரஸ் ஆய்வின் முன்னோடியான ரௌஸும் அவரே என்பதை வேலைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

1909இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்துக்கு, மார்பில் கட்டியோடு பிளிமத் ராக் இனக் கோழி ஒன்று வந்தது. ரௌஸ் அக்கட்டியை அதே வழிவந்த கோழிகளுக்குள் செலுத்தி வளரச் செய்தார். பிறகு கட்டியை அரைத்து, உயிரணுக்களும் பாக்டீரியாக்களும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை மட்டும் ஊசியில் ஏற்றினார். அப்போதும் கட்டி முளைத்தது. 1911இல் இதை வெளியிட்டார். கோழிக்கு வருவதை வைத்து மனிதருக்கு எப்படிச் சொல்வது என்று பலரும் தள்ளிவைத்தனர். எலிகளில் முயன்றபோது அவருக்கே பலன் கிட்டவில்லை. 1915 வாக்கில் அந்த வேலையை நிறுத்திவிட்டார்.

என் மனம் எப்போதும் நிற்பது இந்த இடத்தில்தான். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்த அந்நாட்களில், ரௌஸும் ஜோசப் டர்னரும் முயல்களின் சிவப்பணுக்களை சிட்ரேட்டும் குளுகோஸும் கலந்த கரைசலில் வாரக்கணக்கில் காத்து, மீண்டும் முயல்களுக்கே ஏற்றிக் காட்டி, 1916இல் முடிவுகளை வெளியிட்டனர். ரௌஸிடம் பணியாற்றிய ஆஸ்வால்ட் ராபர்ட்சன் 1917இல் அந்த முறையைப் போர்முனைக்குக் கொண்டுசென்று, பனிக்கட்டி நிரப்பிய பெட்டிகளில் ரத்தத்தைச் சேமித்துக் காயம்பட்டோருக்கு ஏற்றினார். நாங்கள் இன்று செய்வதும் அதன் தொடர்ச்சியே.

1933இல் ரிச்சர்ட் ஷோப் முயல்களின் மருக்களுக்குக் காரணமான வைரஸைக் கண்டறிந்தபின், ரௌஸ் ஐம்பதைக் கடந்த வயதில் புற்றுநோய் ஆய்வுக்குத் திரும்பினார். 1966இல், 87 வயதில், நோபல் பரிசு வந்தது. கோழி ஆய்வுக்குப் பின் 55 ஆண்டுகள் அவர் காத்திருந்ததாகவே எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. கைக்கு வந்த அடுத்த வேலையை அவர் முழு மனத்தோடு செய்துகொண்டிருந்தார்.

சென்ற மாதம் ரத்தப் புற்றுநோயுள்ள ஒரு சிறுவனின் தந்தை, மகனுக்குத் தரும் ரத்தத்துக்கு ஈடாக மாற்று ரத்தம் கொடுக்க வந்தார். "இத எம்புள்ளைக்கே ஏத்துவீங்களா சார்?" என்று கேட்டார். அவனுக்குரிய யூனிட் காலையிலேயே வார்டுக்குப் போய்விட்டது என்றும், இது வேறொருவருக்குப் போகும் என்றும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அதுவரைக்கும் கெடாம இருக்குமா?" என்றார்.

"35 நாள் இருக்கும்ங்க."

அவர் எழுந்து போனபின், பைக்குழாயைச் சீல் வைத்து, 35ஆம் நாளின் தேதியைச் சரிபார்த்து எழுதி, குளிர்பெட்டியில் வைத்தேன்.