மரப்பு ஊசியில் ஸ்டீராய்டு கலந்தால் என்ன ஆகும்?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. பலருக்கு முழு மயக்கம் கொடுக்காமல், தோள்பட்டைப் பக்கம் நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போட்டே ஆப்பரேஷன் முடிந்துவிடும். மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்கிற என்னிடம் மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா போன் போட்டு, "தங்கச்சி, விடிஞ்சும் இவருக்கு கை அசையல, ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்று கேட்பார். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மரப்பு மருந்தோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சேர்த்திருப்பார்கள். பியூபிவாகெய்ன் என்ற மரப்பு மருந்து தனியாகச் சுமார் 12 மணி நேரம் வலியைத் தடுக்குமென்றால், இது சேரும்போது 20 மணி நேரம் வரைகூட இழுக்கும். ஒரு நாள் தாண்டியும் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் காத்திருக்காமல் வந்து காட்டிவிட வேண்டும்.

எப்படி இழுக்கிறது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். ஸ்டீராய்டு, மரப்பு மருந்தை அங்கேயே பிடித்துவைத்துக்கொள்கிறது, ரத்தத்தில் கலக்க விடுவதில்லை என்று நினைக்கிறார்கள். அந்த வேலையை நன்றாகச் செய்வது அட்ரினலின். ரத்தக் குழாயை அது இறுக்குவதால் மருந்து மெதுவாக உறிஞ்சப்படுகிறது, அதனால்தான் லிக்னோகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்துக்குப் பல கையேடுகளில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் என்றிருக்கும் வரம்பு அட்ரினலினோடு 7 ஆகிறது. 50 கிலோ ஆளுக்கு 225-க்கும் 350-க்கும் உள்ள வித்தியாசம் அது! டெக்சாமெத்தசோனுக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது. குழாயைக் கொஞ்சம் சுருக்கலாம்தான், ஆனால் அதையே காரணம் காட்டி மரப்பு மருந்தைக் கூட்டிப் போட முடியாது. கூடினால் வாயைச் சுற்றி மரமரப்பு, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, இதயத் துடிப்பே தடுமாறலாம்.

இன்னொன்று பாருங்கள், இதே ஸ்டீராய்டை நரம்புப் பக்கமே கொண்டுபோகாமல் கையிலுள்ள ரத்த நாளத்தில் போட்டாலும் வலி வராத நேரம் நீள்கிறது, கொஞ்சம் குறைவாக இருக்கலாம், அவ்வளவுதான். உறிஞ்சுதலைத் தடுப்பது மட்டுமே காரணமென்றால் இது நடக்கக் கூடாது. வீக்கத்தையும் அதோடு வரும் வலியையும் உடம்பு முழுக்க அடக்குவதுதான் பெரிய பங்கு என்று நான் நம்புகிறேன். ரோப்பிவாகெய்ன் என்ற மரப்பு மருந்தோடு இதைக் கலந்தால் சிரிஞ்சுக்குள்ளேயே வெள்ளையாகப் படிகம் கட்டுவதும் உண்டு. அதை நரம்பருகே செலுத்த எனக்கு மனம் வராது. டெக்சாமெத்தசோன் நரம்பைச் சுற்றிப் போடுவதற்கென்று அனுமதி பெற்ற மருந்தும் இல்லை. அப்புறம் ஏன் நாளத்திலேயே போடக்கூடாது என்பதுதான் என் கேள்வி.

எந்த வழியில் போட்டாலும் சர்க்கரை ஏறும். நம்மவர்களில் இனிப்பு நீர்க்காரர்கள் நிறைய, அதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் நிறைய. இன்சுலின் போடுகிறீர்களா, மாத்திரையா என்பதை ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், வீட்டுக்குப் போன பிறகு ஓரிரு நாள் அடிக்கடி குத்திப் பாருங்கள்.