பிரிண்டரின் எல்எஃப் பட்டனை முதலிலேயே அழுத்தியிருந்தால் எனக்கு மூன்று நாள் மிச்சம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு பார்க்கிறேன். சிறு விவசாயிகள் தரும் பச்சை இலைக்கு மாதா மாதம் பணம் பட்டுவாடா செய்யும்போது ஆளுக்கு ஒரு சீட்டு கொடுப்போம். எத்தனை கிலோ, என்ன விலை, முன்பணம் எவ்வளவு பிடித்தோம் என்று எல்லாம் அதில் இருக்கும். கார்பன் நகல் வேண்டும் என்பதால் இன்னும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். ஊசிகளால் குத்தி எழுத்தை அடிக்கும் 9 ஊசி மெஷின், ஓடினால் பக்கத்து ரூம் வரை கேட்கும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் முதலாளி விண்டோஸ் 11 போட்ட புது கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் பிரிண்டருக்கான அந்தப் பழைய அகலமான சாக்கெட் கிடையாது. கொண்டு வந்து மாட்டிய பையன் ஒரு யூஎஸ்பி மாற்று கேபிளைக் கொடுத்து, பிரிண்டரோடு கம்ப்யூட்டர் பேச வைக்கும் மென்பொருளான டிரைவரும் போட்டுவிட்டு, "எல்லாம் ரெடி மேடம்" என்று கிளம்பிவிட்டான். ஒரு சீட்டு அடித்துக் காட்டச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

பட்டுவாடாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது பிரிண்ட் கொடுத்தேன். மெஷின் அசையவில்லை. வரிசையில் வேலை நிற்கிறது, கேன்சல் செய்தாலும் 'டிலீட்டிங்' என்று காட்டிக்கொண்டே கிடக்கிறது. பையனுக்கு போன் செய்தால், "போர்டு போயிருக்கும் மேடம், கோயம்புத்தூர் சர்வீஸ் கடைக்குக் கொண்டு போங்க" என்றான்.

மழை. இங்கே பிளாஸ்டிக் கவருக்குத் தடை என்பதால் உரச் சாக்கில் சுற்றி, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன். கடைக்காரர் பிரிண்டரைத் திறக்கவே இல்லை. பேப்பரைச் செருகினார், பேப்பரை ஒரு வரி நகர்த்தும் எல்எஃப் (லைன் ஃபீட்) பட்டனை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டரே இல்லாமல் மெஷின் தானாக வரி வரியாக எழுத்துகளை அடித்துத் தள்ளியது. "நல்லாத்தானே ஓடுது? உங்க கம்ப்யூட்டரைப் பாருங்க" என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அரை நிமிட வேலை. அதை போனிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் மலையிறங்கப் போகிறேன்? உங்கள் மெஷினில் பட்டன் பெயர் வேறாக இருக்கலாம். ஆனால் இந்த செல்ஃப் டெஸ்ட் செய்யாமல் பிரிண்டரைத் தூக்காதீர்கள்.

மறுநாள் நானே உட்கார்ந்தேன். பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தைத் திறந்தால், அந்தப் பழைய அகலமான சாக்கெட்டின் பெயரான எல்பிடி1-இல் டிக் இருக்கிறது. சாக்கெட்டே இல்லாத கம்ப்யூட்டரிலும் அந்தப் பெயர் பட்டியலில் இருக்கும். இல்லாத வாசலுக்குத்தான் அத்தனை சீட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மாற்று கேபிள் மாட்டிய வாசலான யூஎஸ்பி001 என்பதற்கு மாற்றி, அதே பக்கத்தில் இருவழித் தொடர்புக்கான டிக்கையும் எடுத்தேன். மாற்று கேபிள்களில் சில அதற்கு ஒத்துழைக்காது.

மெஷின் கத்த ஆரம்பித்தது. எனக்கு உயிர் வந்தது. எட்டிப் பார்த்தால் பேப்பர் முழுக்கக் கட்டமும் கோடும் குப்பையும்! பையன் போட்டது 24 ஊசி மெஷினுக்கான டிரைவர். எங்களுடையதோ 9 ஊசி. இரண்டுக்கும் படம் அனுப்பும் கட்டளை வேறு வேறு.

சரி, அதை நீக்கலாம் என்றால் 'டிரைவர் பயன்பாட்டில் உள்ளது' என்று ஒரே பிடிவாதம். பிரிண்டர் படத்தை மட்டும் டிலீட் செய்து திரும்பச் சேர்த்தேன், பழையபடி அதே டிரைவர்தான் வந்து உட்கார்ந்தது. அரை நாள் இதிலேயே போனது. கடைசியில் பலித்தது இதுதான்: விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய் அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் கிடந்த கோப்புகளை மட்டும் அழித்தேன். ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். ஸ்பூலரை மறுபடி ஓடவிட்டு, எதையும் பிரிண்ட் கொடுக்காமல், பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர்ஸ் பக்கம் போய் 'டிரைவரும் பேக்கேஜும்' என்பதைத் தேர்ந்து நீக்கினேன். பேக்கேஜை, அதாவது டிரைவரின் நிறுவல் கோப்புகளை, விட்டுவைத்தால் அது திரும்ப வரும்.

பிரிண்டரோடு வந்த சிடியை நம்பிப் பயனில்லை. அதில் இருப்பது 32 பிட் விண்டோஸுக்கான பழைய டிரைவர். விண்டோஸ் 11-இல் 64 பிட் மட்டும்தான். பிரிண்டரின் அடியில் ஒட்டியிருந்த மாடல் நம்பரைப் பார்த்துத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கினேன். நடுவில் தம்பி முறை ஒருவன், "ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி போடுக்கா, பறக்கும்" என்றான். எழுத்தை மட்டும் அனுப்பும், விண்டோஸிலேயே இருக்கும் பொது டிரைவர் அது. பறந்தது உண்மை, ஆனால் விவசாயிகளின் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வந்தன. ஆங்கிலத்தில் மட்டும் பில் போடுகிறவர்களுக்கு அது போதும்.

அப்புறம் பேப்பர் அளவு. எங்கள் சீட்டு 10க்கு 6 அங்குலம், டிரைவர் நினைத்தது ஏ4. ஒரு சீட்டு அடித்ததும் அடுத்த சீட்டை வெறுமனே தள்ளியது. அதே சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் ஃபார்ம்ஸ் பக்கத்தில் புது அளவை உருவாக்கி, பிரிண்டரில் அதைத் தேர்ந்ததும் சரியாகிவிட்டது.

பட்டுவாடா நாள் காலையில்தான் முதல் சீட்டு ஒழுங்காக வந்தது. முந்தின நாளே வந்து திரும்பிப்போன பெரியவர் ஒருவர், "ஏம்மா, சீட்டு இல்லாம காசை மட்டும் எப்படி வாங்குறது?" என்று அன்று கேட்டிருந்தார். அவருக்குத்தான் முதலில் கிழித்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிலோவைக் கூட்டிப் பார்த்தார். முன்பணம் பிடித்ததைப் பற்றி இரண்டு நிமிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி பிரிண்டர் ஊமை. கூட்டிப் பெருக்க வந்த அக்கா கேபிளைக் கழற்றிப் பக்கத்து சாக்கெட்டில் சொருகியிருந்தார். கம்ப்யூட்டர் அதற்கு யூஎஸ்பி002 என்று இன்னொரு பெயர் வைத்துவிட்டது. இந்த முறை ஒரு நிமிடத்தில் பழைய ஓட்டைக்கே மாற்றி, அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதி வைத்தேன்: "அக்கா, இதைத் தொடாதீங்க."