ஆளுக்கொரு கல், எல்லாருக்கும் பன்னிரண்டு

ஆறாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே அளவீடுகள்தான். ஒழுங்கான வடிவம் இல்லாத பொருளின் கனஅளவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆளுக்கொரு கல் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். கல்லுக்கா பஞ்சம், மேஜை நிறையக் குவித்துவிட்டார்கள்.

மெஷரிங் ஜாரில் 50 மி.லி. தண்ணீர் ஊற்றி, கல்லை நூலில் கட்டி மெதுவாக இறக்கினால் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் கல்லின் கனஅளவு. மி.லி. ஒன்றுக்கு ஒரு கன செ.மீ. ஒரு சுவாரசியத்துக்காக ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிய கதையைச் சொன்னேன். அவர் சொன்னதாக இல்லை, இருநூறு வருடம் கழித்து விட்ருவியஸ் என்ற ரோமானியர் எழுதி வைத்தது என்றும் சேர்த்துக்கொண்டேன். வகுப்புக்கு அதில் அக்கறையில்லை. "துண்டாவது கட்டியிருந்தாரா சார்?" என்பதிலேயே பத்து நிமிடம் போனது.

முதல் கல் இறங்கியதும் சண்டை. நெட்டையன் மேலிருந்து பார்த்து 63 என்றான். மேஜைக்கு மேல் தலையே தெரியாத இன்னொருவன் 61 என்றான். பார்க்கும் கோணம் மாறினால் அளவும் மாறித் தெரியும் இடமாறு தோற்றப் பிழையை நான் வரைந்து விளக்க நினைத்திருந்தேன், இவர்களே நின்று காட்டிவிட்டார்கள். கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, வளைந்திருக்கும் நீர்ப்பரப்பின் அடிப்பகுதியைப் பார்க்கச் சொன்னேன். முதல் பெஞ்சுப் பிள்ளை குனிந்து பார்த்து, "62. அப்போ கல் 12" என்று அறிவித்தாள்.

வகுப்பில் எப்போதும் முதல் மார்க் அவள்தான். வந்தது வினை.

அப்புறம் ஜார் பெஞ்சு பெஞ்சாகப் போய் வந்தது. நோட்டுகளைத் திருப்பினால் எல்லாவற்றிலும் 12. புளியங்கொட்டை அளவு கல்லுக்கும் 12, கோலிக்குண்டு போட்டவனுக்கும் 12. ஒருவனுடைய கல் ஜாரின் வாய்க்குள்ளேயே நுழையவில்லை, அவனும் 12 என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான்.

"கல்லு உள்ளயே போகலியேடா?"

"போயிருந்தா பன்னெண்டுதான் சார் வந்திருக்கும்."

கல்லூரி லேபில் விடையிலிருந்து பின்னோக்கி ரீடிங் போடும் வித்தையை முதுகலை வரை போனவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்பது புதுச் செய்தி.

கடைசி பெஞ்சில் மட்டும் நோட்டு காலி. அவன் கொண்டு வந்தது கல் இல்லை, செங்கல் துண்டு. உள்ளே போட்டதும் 70 காட்டியிருக்கிறது. பேனாவை எடுப்பதற்குள் குமிழி குமிழியாக வந்து மட்டம் 69 ஆனது. கொஞ்ச நேரத்தில் 68.

"சார், இது மூச்சு விடுது. தண்ணியும் குடிக்குது. எதை எழுதறது?"

மொத்த வகுப்பும் ஜாரைச் சுற்றிக் கூடிவிட்டது. செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு, தண்ணீர் உள்ளே புகப் புகக் காற்று வெளியேறுகிறது, அதுதான் குமிழி என்றேன். 67-க்கு வந்தபோது கைதட்டினார்கள். கிரிக்கெட் ஸ்கோர் இறங்கினால்கூட இவ்வளவு ஆனந்தம் கிடையாது.

பையனுக்கோ கவலை. நிற்காத ரீடிங்கை எப்படி எழுதுவது? கொஞ்சம் யோசித்துவிட்டு அவனே சொன்னான்: "எங்கப்பா செவுரு வைக்கறதுக்கு முன்னாடி செங்கல்ல தண்ணி ஊத்தி ஊறப் போடுவாரு சார். இல்லாட்டி கலவைல இருக்கற தண்ணிய அது உறிஞ்சிடுமாம். இதையும் ஊறப் போட்டுட்டு அளக்கலாமா?"

கொத்தனார் மகன். நான் சொல்ல வாயெடுத்ததை முந்திக்கொண்டான்.

அன்றிரவு செங்கல் வாளியில் கிடந்தது. மறுநாள் மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு இறக்கினோம். ஒரு குமிழி இல்லை. 70-க்கு ஏறி அங்கேயே நின்றது. 20 கன செ.மீ. என்று எழுதி, பக்கத்தில் "ஊறிய பிறகு" என்று அவனாகவே குறித்துக்கொண்டான். முதல் பெஞ்சுப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, தன் கல்லையும் ஊற வைத்திருக்க வேண்டுமோ என்று என்னிடம் கேட்டாள்.

மணி அடித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், நாளைக்கு ரஸ்க் போட்டுப் பாக்கலாமா?"

கொண்டு வா, ஆனால் அதை ராத்திரியே ஊறப் போட்டுவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.